மாமனாருக்கு மாசச் சம்பளம்

எனக்குக் கோவம் சட்டுனு வந்துடும். கம்பெனி வேன் ஓட்றவனுக்கு அது ஆவாதுன்னு எனக்குச் சொல்லாதவங்களே இல்ல. என் பொண்டாட்டி அப்படியே நேர் எதிர். அவளுக்குக் கோவம் வந்தா வாயத் தொறக்க மாட்டா, ஏதாவது ஒரு வேலைய ஆரம்பிச்சுடுவா. அப்படி அவ ஆரம்பிச்ச ஒரு வேல பதினாலு வருஷம் நடந்துச்சு. அதுல முக்காவாசி வருஷம் நான் பக்கத்துலயே இருந்து திட்டிகினு இருந்தேன். இப்ப அவள நெனச்சா எனக்கு அவ்ளோ பெருமையா கீது.

கல்யாணம் ஆன புதுசுல அவ அப்பா வூட்டுக்குப் போயிருந்தோம். வேடந்தாங்கல் ஏரி தாண்டி இன்னும் உள்ள போவணும். மாமியார் எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே தவறிட்டாங்க, மாமா மட்டும்தான். அவங்க வம்சத்துல யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கெடையாது. சின்ன வயசுலருந்து ஒரே வூட்டுக்காரங்க நிலத்துலதான் மாமா வேல செஞ்சார். நாத்து பறிக்கிறது, வரப்பு வெட்றது, தண்ணி கட்றது எல்லாம் அவர்தான். அன்னிக்கு புது மாப்பிள்ளைக்குன்னு கோழி அடிச்சு கொழம்பு வச்சு, எனக்கு எல போட்டு சோறு வச்சுகினு இருந்தார். அப்ப வாசல்ல ஒரு பைக் வந்து நின்னுது. நிலத்துக்காரர் மவன். காலேஜ் படிக்கிறான், மீசகூட சரியா வர்ல. வண்டிய வுட்டு எறங்கல, ஆரன் அடிச்சான். மாமா சோத்துச் சட்டிய அப்படியே வச்சுட்டு ஓடுனார்.

"டேய், காலையில சீக்கிரம் வந்துடு. தண்ணி கட்டணும்."

"வந்துடறேங்க."

அவ்ளோதான். பைக் போயிடுச்சு. மாமா உள்ள வந்து, "கொழம்பு ஊத்தட்டுமா மாப்ள?"ன்னார், ஒண்ணுமே நடக்காத மாதிரி. அவருக்கு அப்ப அம்பது வயசு தாண்டிடுச்சு. நான் சோத்துக் கையோட எழுந்துட்டேன். அவன் தெரு முனை தாண்டறதுக்குள்ள புடிச்சு ஒரு அற வுடணும்னு கை பரபரன்னுது. என் பொண்டாட்டி என் மணிக்கட்டப் புடிச்சு இழுத்து உக்கார வச்சா.

மாமா தண்ணி மொள்ள பின்னால போனதும் அவகிட்ட கத்துனேன். "இன்னாடி இது? உங்கப்பன அவன் வாடா போடான்றான், நீ சும்மா நிக்கிற?"

"நீ ஒரு அற வுட்டுட்டு செங்கல்பட்டு பஸ் ஏறிடுவ. நாளைக்கு நைனாவுக்கு வேல இருக்காது. அப்புறம் இன்னா பண்ணுவ?"

"அதுக்குன்னு கேட்டுகினே இருக்கணுமா?"

"இல்ல. அவங்க கூப்ட்டா வர்லன்னு நைனா சொல்லணும். அவர் வாயாலயே சொல்லணும். அதுக்கு மாசா மாசம் வேற எடத்துலருந்து டப்பு வரணும். நான் ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு."

எனக்கு ஒண்ணும் புரியல. திரும்பி வரும்போது பஸ்ல சொன்னா.

அவ மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனில, போனுக்கு உள்ள வைக்கிற போர்டு செய்ற லைன்ல வேல. இருவது வயசுல சேந்தா. லேடீஸ் ஹாஸ்டல்லருந்து கம்பெனிக்கு என் வேன்லதான் வருவா, அப்படித்தான் பழக்கமே. வேன்ல பொண்ணுங்க பேசறதெல்லாம் ஓட்றவன் காதுல விழும். ஒருத்தி தீபாவளி சீட்டு போட்டிருப்பா, ஒருத்தி நகைச்சீட்டு, ஒருத்தி அண்ணன் பைக்குக்கு டியூ கட்டிகினு இருப்பா. இவ மட்டும் ரெண்டாவது மாசச் சம்பளத்துலருந்து மியூச்சுவல் ஃபண்டுல மாசம் ஆயிரம் ரூபா போட்டுகினு வந்திருக்கா. பேங்க்லருந்து அஞ்சாந்தேதி தானா போயிடும். ஃபண்டுக்காரங்க அத நூறு கம்பெனி பங்குல பிரிச்சுப் போடுவாங்க. கம்பெனிங்க வளந்தா அந்த ஆயிரமும் வளரும், கொறஞ்சா கொறையும். யாரும் கேரண்டி குடுக்க மாட்டாங்க.

"ஷேரா? சூதாட்டம்டி அது"ன்னேன்.

"நாளைக்கே திருப்பி எடுக்கணும்னு போட்டா சூதாட்டம். நான் நைனாவுக்கு அறுபத்தஞ்சு வயசு ஆவற வரைக்கும் எடுக்க மாட்டேன். எவ்ளோ போடறோம்ன்றத விட, எத்தினி வருஷம் தொடாம வுடறோம்ன்றதுதான் கணக்கு."

ஜன்னல் பக்கம் கை காட்டுனா. ஜி.எஸ்.டி. ரோட்ல போன வருஷம் புளியமரம் நின்ன எடத்துல கிரேன் நின்னுகினு இருந்துச்சு. "பாரு, இத்தினி கம்பெனி வருது. நீ லோன் போட்டு வண்டி வாங்கணும்ன்ற, வண்டி தேயும். வண்டி செய்றவன் வளர்றான். நான் செய்றவன் பக்கம் நிக்கிறேன், அவ்ளோதான்."

இருவத்திமூணு வயசுப் பொண்ணு பேசற பேச்சா இது? எனக்கு அன்னிக்கு சிரிப்புதான் வந்துச்சு. ஹாஸ்டல்லயும் எல்லாரும் ஓட்டுவாங்களாம், "இவளுக்கு இப்பவே ரிடையர்மென்ட் கவலை"ன்னு. அவ அலட்டிக்க மாட்டா. சம்பளம் ஏறுனா ஏறுன காசுல பாதி அங்க போயிடும். இங்கிரிமென்ட் வந்த மாசம் மத்தவங்க புடவ எடுப்பாங்க, இவ பேங்க்ல ஒரு ஃபாரம் எடுப்பா.

நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. பேஜாரு பண்ணேன். சொந்த வேன் வாங்க முன்பணம் பத்தல, "அந்த ஃபண்டுலருந்து எடுத்துக் குடு"ன்னு நின்னேன். குடுக்கல. ஓவர்டைம் பாத்து மூணு வருஷத்துல தனியா சேத்துக் குடுத்தா, ஃபண்ட மட்டும் தொடவே வுடல. அப்புறம் எனக்கு மனை ஆச வந்துச்சு. எங்க பக்கத்துல முதலீடுன்னா மனைதான், வேற எதுவும் யார் கண்ணுக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழம ஏ.சி. வேன்ல கூட்டிகினு போவாங்க, மத்தியானம் பிரியாணி குடுப்பாங்க. கடப்பாக்கம் பக்கம் கடல் காத்து வர்ற எடம். கல்லு நட்டு, கலர் பெயின்ட் அடிச்சு, ஆர்ச்செல்லாம் வச்சிருந்தாங்க. எனக்குப் புத்தி மயங்கிடுச்சு. என் கையில இருந்த மொத்த காசயும் அட்வான்ஸ் கட்டிட்டு வூட்டுக்கு வந்து நெஞ்ச நிமித்திகினு சொன்னேன். "நீ பேப்பர்ல போடு, நான் மண்ணுல போடறேன்."

கார்த்திகை மழை வந்துச்சு. பாக்கப் போனோம். மனையும் காணல, கல்லும் காணல. முட்டி வரைக்கும் தண்ணி, ஆர்ச் மட்டும் அதுல நிக்குது. விசாரிச்சா அது வருஷா வருஷம் உப்புத்தண்ணி ஏறுற எடமாம், ஊர்க்காரங்க ஆடுகூட கட்ட மாட்டாங்களாம். வித்தவன் போன எடுக்கல. நான் தலைல கைய வச்சுகினு நின்னேன். அவ புடவைய தூக்கி சொருவிகினு தண்ணிய எட்டிப் பாத்துட்டு கேட்டா. "இன்னாங்க, எறா வளக்கலாமா?"

அடிப்பாவி! அந்த நேரத்துல எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் அந்த மனையப் பத்தி ஒரு வார்த்த குத்திப் பேசல. நானா இருந்தா டெய்லி நாஸ்தாவுக்கு நாஸ்தா சொல்லிக் காட்டியிருப்பேன்.

கொரோனா வந்தப்பதான் பெரிய சண்ட. வேன் நின்னுடுச்சு, அவளுக்கு பாதி சம்பளம். ஒரு நாள் அவ போன்ல அந்தக் கணக்கப் பாத்தேன். வருஷக்கணக்கா சேத்தது மளமளன்னு எறங்கிகினு இருந்துச்சு. "இப்பவே எடு! இருக்கறதாவது மிஞ்சும்! உங்கப்பன் காசுடி அது!"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துனேன். அவளுக்கும் பயமில்லாம இல்ல. ஆனா எடுக்கல. ரேஷன் அரிசி, கருவாடுன்னு வூட்ட ஓட்டுனா. மாசம் போடறத ஐநூறா கொறச்சா, நிறுத்தல. "கம்பெனி எல்லாம் ஓடாமயே பூடுமா? ஆளுங்க சோப்பு வாங்க மாட்டாங்களா, வண்டி ஏற மாட்டாங்களா? அப்ப வரும்"னா. வந்துச்சு. வர்றதுக்கு நாளாச்சு, ஆனா வந்துச்சு. எல்லாருக்கும் எல்லா நேரமும் வரும்னு நான் சொல்ல வர்ல. அவ மாதிரி பல்லக் கடிச்சுகினு இருக்க என்னால முடியாது, அத மட்டும்தான் சொல்றேன்.

போன வருஷம் மாமாவுக்கு அறுபத்தஞ்சு ஆவ போவுதுன்ற நேரத்துல, நடவு வேலைல குனிஞ்சவர் நிமிர முடியாம அப்படியே சேத்துல உக்காந்துட்டார். மதுராந்தகம் ஆஸ்பத்திரில காட்டுனோம். இடுப்பு எலும்பு தேஞ்சுடுச்சு, இனிமே குனியக் கூடாதுன்னுட்டாங்க. அவ கணக்குப் போட்டுப் பாத்தா. அவ பேர்லயும் மாமா பேர்லயும் சேத்து பேங்க்ல ஒரு கணக்கு தொறந்தா. மாசா மாசம் ஃபண்டுலருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்து அதுல போட ஏற்பாடு பண்ணா. மாமா மாசம் பூரா குனிஞ்சு எழுந்து சம்பாதிக்கிறதுக்கு கிட்டத்தட்ட வந்துச்சு. போட்ட முதல ரொம்ப கடிக்காம பாத்துக்குனா வருஷக்கணக்குல வரும். ஏ.டி.எம். கார்ட எடுத்துகினு ஊருக்குப் போனோம்.

மாமா அந்தக் கார்டத் தொடவே இல்ல.

"பொண்ணக் கட்டிக் குடுத்துட்டு, அவ சம்பாத்தியத்துல உக்காந்து துன்றதா? நான் இன்னும் சாவல பாப்பா"ன்னார்.

இது எங்க பக்கத்துல பெரிய விஷயம். பொண்ணு வூட்ல கை நனைக்க யோசிப்பாங்க. மாமா எங்க வூட்டுக்கு வந்தா ஒரு வேளதான் சாப்புடுவார், அதுக்கும் சேத்து பையில தேங்கா, பழம், கோழின்னு தூக்கிகினு வருவார். நான் இத யோசிக்கவே இல்ல. அவளும் யோசிக்கல. பதினாலு வருஷமா மார்க்கெட் விழுமா, கம்பெனி மூடுமா, புருஷன் புடுங்கிடுவானான்னு எல்லாத்துக்கும் பயந்தா. அப்பன் வேணாம்னு சொல்லுவார்னு மட்டும் நெனைக்கல.

"மாமா, உனக்கோசரம்தான் அவ ஒரு நல்ல புடவகூட..."ன்னு நான் ஆரம்பிச்சேன். "நீ சும்மா இரு"ன்னுட்டா. திரும்பி வரும்போது வேன்ல பக்கத்துல உக்காந்து, ஜன்னல் பக்கம் மூஞ்சிய வச்சுகினு அழுதா. எனக்குத் தெரிஞ்சு அவ அழுது அன்னிக்குதான் பாத்தேன். வண்டிய மதுராந்தகம் பக்கம் ஓரங்கட்டி நிறுத்திட்டு தண்ணி பாட்டில எடுத்துக் குடுத்தேன். நாங்க கெளம்பும்போதே மாமா நாளைக்கு வரப்பு வெட்டப் போறேன்னு வேற சொல்லி அனுப்பியிருந்தார், இடுப்புல துணியக் கட்டிகினு.

அடுத்த ஞாயித்துக்கிழம அவ மாமாவ என் வேன்ல ஏத்துனா. "நைனா, என் காச நீ வாங்க வேணாம். ஆனா பாதிக்கு மேல என் காசே இல்ல. வருஷக்கணக்கா கம்பெனிங்க சம்பாரிச்சு சேத்தது. யாரு சம்பாரிச்சுக் குடுக்கறாங்கன்னு வந்து பாரு"ன்னா.

மதுராந்தகம், செங்கல்பட்டு தாண்டி மறைமலைநகர் வரைக்கும் மெதுவா ஓட்டுனேன். அவ கை காட்டிகினே வந்தா. அந்த பேங்க்ல கொஞ்சம் நம்மளுது. அந்த லாரி கீதே, அத செய்றவங்ககிட்ட கொஞ்சம். டீக்கடைல தொங்குற பிஸ்கட்டுல கொஞ்சம். மாமா தலைய ஆட்டுனார், நம்பல. கடைசில ஒரு பெரிய ஃபேக்டரி வந்துச்சு, சுத்துச்சுவரே ஒரு மைல் இருக்கும். "இதுலயும் கீது நைனா"ன்னா.

"நிறுத்து மாப்ள"ன்னார்.

எறங்கி, துண்ட ஒதறி தோள்ல போட்டுகினு, நேரா ஃபேக்டரி கேட்டாண்ட போனார். நான் ஓடுனேன். செக்யூரிட்டி ஒரு அம்பது வயசு ஆளு, எழுந்து வந்து, "இன்னா பெருசு, யாரப் பாக்கணும்?"ன்னார்.

"யாரயும் பாக்க வேணாம். உள்ள எங்களுக்கு ஒரு பங்கு கீதாம். எந்தப் பக்கம்னு பாத்துட்டுப் போயிடறேன்."

எனக்கு மானம் போவுது. இழுத்துகினு வரலாம்னு கையப் புடிச்சா, அவர் ஒதறுறார். மாமாவுக்கு சொத்துன்னா நிலம்தான். நிலம்னா போய் வரப்புல நடந்து, இது வரைக்கும் நம்மளுதுன்னு பாக்கணும். ஊரான் வரப்ப அம்பது வருஷம் வெட்டுனவருக்கு, தன் பங்குக்கு ஒரு வரப்பு வேணாமா? என் பொண்டாட்டி வந்து செக்யூரிட்டிகிட்ட விஷயத்த சொன்னா. அந்த ஆளு சிரிப்பாருன்னு பாத்தேன். சிரிக்கல. தன் நாற்காலிய இழுத்து மாமாவுக்குப் போட்டு, பாட்டில்ல தண்ணி குடுத்தார்.

"பெருசு, அத தனியா பிரிச்சுக் காட்ட முடியாது, எல்லாத்துலயும் துளித்துளி இருக்கும். நான் எட்டு வருஷமா இந்த கேட்டுல நிக்கிறேன், எனக்கு இதுல ஒரு துளி கெடையாது. உனக்கு இருக்குதுன்னா உம் பொண்ணு பெரிய ஆளுதான்"னார்.

வண்டிய ஊர்ப்பக்கம் திருப்புனேன். சிங்கப்பெருமாள்கோவில் தாண்டுனப்புறம் மாமா கேட்டார்.

"பாப்பா, உள்ள எத்தினி பேரு வேல செய்வாங்க?"

"ஆயிரக்கணக்குல இருப்பாங்க நைனா."

"அவங்க சம்பாரிக்கிறதுலருந்துதான் எனக்கு வருதா?"

"ஆமா. அதுலருந்து கொஞ்சம்."

மாமா மூஞ்சி சுருங்கிடுச்சு. "அவங்கள யாராவது டேய்னு கூப்புட்றாங்களா?"

இந்தக் கேள்விய எந்த முதலாளியாவது கேட்டிருப்பானா? நான் இத்தினி வருஷம் அந்தக் காச எடு, விடுன்னு கத்துனேனே, ஒரு நாள் இத கேட்டிருக்கேனா?

அவ அவசரப்படாம சொன்னா. "நானும் அந்த மாதிரி எடத்துலதான வேல செய்றேன் நைனா. சும்மா சொல்ல மாட்டேன். சூப்பர்வைசர் கத்துவாங்க, கால் வலிக்கும், கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு சம்பளம் கம்மி. ஆனா டி போட்டுப் பேசுனா நாங்க புகார் எழுதிக் குடுப்போம், அப்படிப் பேசுன ஒருத்தன் அதனால வேலைய வுட்டே பூட்டான். பி.எஃப். கீது, லீவு கீது. வேணாம்னா வுட்டுட்டு வேற கம்பெனி போவலாம்."

"வுட்டுட்டுப் போவலாமா?"

"போவலாம்."

மாமா கைய நீட்டுனார். "அப்பன்னா சரி. அந்தக் கார்ட குடு"ன்னார்.

பொங்கலுக்கு நாலு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனோம். காணும் பொங்கல் சாயந்திரம், மூணு பேரும் வாசல்ல உக்காந்து கரும்பு கடிச்சுகினு இருந்தோம். பைக் வந்துச்சு. அதே நிலத்துக்காரர் மவன்தான், இப்ப ஆளு பெருத்துட்டான், வண்டியும் பெருசு. எறங்கல.

"டேய், நாளைலருந்து நடவு. அஞ்சு மணிக்கு வந்துடு."

மாமா எழுந்துட்டார். பழக்கதோஷம், கரும்பு கீழ விழுந்துடுச்சு. நான் எழப் போனேன், என் பொண்டாட்டி என் தொடைய அழுத்திப் புடிச்சா.

"நான் வர்ல"ன்னார் மாமா.

"ஏன், ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு இன்னா? வர்ல, அவ்ளோதான். வேற ஆள பாத்துக்கோ தம்பி."

அவன் எங்க மூஞ்சிய மாத்தி மாத்திப் பாத்தான். கோவப்படறதா, கெஞ்சறதா, இன்னா பண்றதுன்னு அவனுக்கே தெரியல. கடைசில வண்டிய திருப்பிகினு போயிட்டான். தூசி அடங்கற வரைக்கும் மாமா நின்னுகினே இருந்தார். அப்புறம் மெதுவா அவகிட்ட திரும்புனார்.

"அவ்ளோதானா பாப்பா? ஒண்ணும் ஆவாதா?"

"ஒண்ணும் ஆவாது நைனா."

"அப்ப நாளைக்கு காலையில நான் இன்னா பண்றது?"

அவளுக்கு சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துடுச்சு. புடவத் தலப்பால மூக்கத் தொடச்சுகினே சொன்னா. "தூங்கு நைனா."

மறுநாள் நான் டூட்டிக்கு வண்டி எடுக்கும்போது மணி எட்டு. வெயில் நல்லா ஏறிடுச்சு. மாமா உள்ள சொவத்துப் பக்கம் திரும்பி, கால நீட்டி, கொறட்ட வுட்டுகினு தூங்கறார். நான் ஆரன்ல கை வச்சேன். அவ ஓடி வந்து, "அடிச்சீன்னா பாரு"ன்னு என் கையத் தட்டி வுட்டா.